வண்டி ரிப்பேருங்களா?

வாசலில் காரும் புல்லட்டும் நிற்க, ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனால் நம் பக்கம் முதலில் வந்து விழுகிற கேள்வி: “ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?” அடுத்தவர் குரலைத் தாழ்த்தி, “தொழில் கிழில் டல்லுங்களா?” என்பார். இந்த இரண்டு கேள்விகளுக்குப் பயந்து நாற்பதில் சர்க்கரை, ஐம்பதில் முட்டுவலி, அறுபதில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் என்று வரிசையாக வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். என்ன வியாபாரம் இது? நூல் விலையில் பத்துப் பைசாவுக்கு மல்லுக்கட்டுகிற நமக்கு இந்த நஷ்டம் மட்டும் கண்ணில் படவில்லையா?

நேரமில்லை என்பீர்கள். செல்போனில் போகிற நேரத்தை எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது வெட்கம். சைக்கிள் என்றால் வசதியில்லாதவன் வண்டி என்ற நினைப்பு. ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே மோட்டார் என்றால் இந்த மண்ணுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அந்தக் கிறுக்கில்தான் பவுண்டரியும் பம்ப்செட்டும் வளர்ந்தன. குறை சொல்ல மாட்டேன். அதற்காகத் தெருமுனை பால் சொசைட்டிக்குப் போகவுமா ஸ்டார்ட்டரை அமுக்குவது?

வெட்கத்தை எப்படி உடைப்பது என்று புதுக்கோட்டைப் பெண்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க இறங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் அதோடு சேர்த்துவிட்டார். கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், காட்டுவேலைக்குப் போனவர்கள், கிராமத்துச் செவிலியர்கள் எல்லாரும் ஏறினார்கள். கேலி இல்லாமலா? கொச்சையான பேச்சே வந்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளோடு திரண்டு புதுக்கோட்டையைத் திகைக்க வைத்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிள்ளையை பாரில் உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் தைரியம் வரட்டும் என்று திண்ணையில் காத்திருக்கவில்லை. ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். தைரியம் பின்னாலேயே வந்து கேரியரில் உட்கார்ந்துகொண்டது. கேலி பேச ஊரே திரண்டபோது அவர்கள் ஓட்டினார்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கப்போவது டீக்கடை பெஞ்சில் நாலு பேர். அதற்கா இந்த நடுக்கம்?

இனி உடம்பு விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் வெளியானது: இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர்; அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். மிதிக்கும்போது வேலை செய்வது தொடையும் புட்டமும், உடம்பிலேயே பெரிய தசைகள். வேலை செய்கிற தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு ஆறு நாள் படுத்துக்கிடப்பதில் அர்த்தமில்லை. இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதாவது வாரத்தில் ஐந்து நாள், அரை அரை மணி நேரம். வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும் நெஞ்சு வலி கண்டவர்களும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

முட்டி வலிக்குமே என்கிறீர்களா? சீட்டை ஏற்றுங்கள். நம் ஆட்கள் காலைத் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை அமுக்கி வைத்து, முட்டியை மடக்கி மடக்கியே மிதிப்பார்கள். வலிக்காமல் என்ன செய்யும்? பெடலைக் கீழே இறக்கி குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதியுங்கள், முட்டியில் லேசான மடிப்பு தானாக வரும். லட்ச ரூபாய்க்கு கியர் சைக்கிள் வாங்கித் துணி காயப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கொடுத்த விலையில்லா மிதிவண்டி கட்டுத்தறியில் துருப்பிடித்துக் கிடக்கிறதே, அதை எடுத்து எண்ணெய் போடுங்கள்.

வழிக்கா பஞ்சம்? சேலம்–கொச்சி நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள். கிளுவை வேலிக்கு நடுவே போகிற இட்டேரிகள் பலவற்றில் இன்று தார் விழுந்திருக்கிறது. காலையில் கௌதாரியும் மயிலும்தான் குறுக்கே வரும். காங்கேயத்துக்காரருக்குக் கொரங்காடுகளின் ஓரம், ஆனைமலைக்காரருக்குத் தென்னந்தோப்பு நிழல். ஈரோட்டுப் பக்கத்துக்காரர் என்றால் கொடுத்து வைத்தவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம்வரை வளைந்து வளைந்து போகிறது. பாம்பு போன தடத்தில் வெட்டினார் என்பது ஊர்க்கதை. மேட்டைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் தானாக நடக்கும் சரிவிலேயே அது போகிறது. வாய்க்காலை ஒட்டிப் போகிற கரைப்பாதையில் புதிதாக மிதிக்கிறவர் ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. கீழ்பவானிக் கரையும் அப்படித்தான். தொண்டாமுத்தூர், நரசிபுரம், தடாகம் என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நன்றாக விடிந்தபிறகு கிளம்புங்கள். இருட்டில் அது யானையின் வழி.

நாய்க்குப் பயமா? துரத்தினால் வேகமெடுக்காதீர்கள், இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் நிறுத்தி நில்லுங்கள், பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

காற்றைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து சீறிக்கொண்டு வரும் காற்று, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளையே சுற்றுகிறது, உங்களைத் தள்ளாதா? போகும்போது அதை நெஞ்சில் வாங்குங்கள், திரும்பும்போது முதுகில் வாங்குங்கள். உடுமலைக்காரர் பொள்ளாச்சி பார்த்து, பல்லடத்துக்காரர் சூலூர் பார்த்து, கால் புதிதாக இருக்கும்போதே எதிர்காற்றில் மிதியுங்கள். முதல் வாரம் மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பினால் போதும். இன்றைக்கு ராத்திரியே இரண்டு டயருக்கும் காற்றடித்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் யாராவது வண்டி ரிப்பேரா என்று கேட்டால் நிற்காமல் பதில் சொல்லுங்கள்: “ஆமாங்க, ரிப்பேர் பார்க்கத்தான் போறேனுங்க!”