ஆளோலையும் புதிய உடன்படிக்கையும்

கிறிஸ்து சமயத்தார் தம் வேதத்தின் பிற்பகுதியைப் புதிய ஏற்பாடு என வழங்குவர். அது 1715ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் தமிழில் அச்சேறி வெளிப்போந்தது. ஏற்பாடு என்பது ஈண்டு உடன்படிக்கை என்னும் பொருட்டு. அச்சமயத்தாரது வீட்டுநெறி முழுவதும் இவ்வொரு சொல்லின்மேல் நிற்பதை நம்மவருட் பலர் கருதாது விட்டனர்.

அவர் கூறுமாறு: சீனாய் மலையில் இறைவன் இஸ்ரவேல் மக்களோடு ஓர் உடன்படிக்கை செய்தருளினன், அதன் விதிகள் கற்பலகைகளிற் பொறிக்கப்பெற்றன. மக்கள் பொன்னாற் கன்று செய்து வணங்கக் கண்ட மோசே அப்பலகைகளை மலையடியில் எறிந்து உடைத்தனர். பலகைகள் மீண்டும் பெறப்பட்டும் மக்கள் பிழை ஒழிந்திலது. பின்னர் எரேமியா என்னும் தீர்க்கதரிசி, நெஞ்சிலே எழுதப்படும் புதியதோர் உடன்படிக்கை வருமென அறிவித்தனர். இயேசு தாம் கொலையுண்டற்கு முன்னை இரவில், அவ்வுடன்படிக்கை தம் குருதியால் ஆவது என்றனர். பவுல் அதனை விரித்து, வீடு வினைக்குக் கூலியன்று, விசுவாசத்தின் வழி வரும் கொடையே என நிறுவினர். இக்கொடையின் இயல்பு பற்றி லூதர் காலத்தில் எழுந்த பிணக்கில், கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் ஓரளவு உடன்பட்டுக் கையொப்பமிட்டனர்.

ஓலை நமக்கும் உண்டு. யாம் இதனை எழுதும் கம்மாபுரம், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்தது. நிலம் கைமாறும் இந்நாட்டில் பத்திரத்தின் மதிப்பை எவர்க்கும் கற்பிக்க வேண்டுவதின்று. இங்கிருந்து வடக்கே உள்ள திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வழக்கு நடந்ததைச் சேக்கிழார் விரித்துரைத்தனர். மணக்கோலத்து நின்ற நம்பியாரூரரை, நீ எனக்கு வழிவழி அடிமை என ஒரு முதியவர் தடுத்தனர். நம்பி அவர் கையோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். கிழிபட்டது படியோலையே. மூலவோலை வெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. பாட்டனார் கையெழுத்தோடு ஒப்புநோக்கி அவையோர் அதனை மெய்யென்றனர்.

பலகையும் உடைந்தது; ஓலையும் கிழிந்தது. இதுவரை இரண்டும் ஒக்கும். அப்பால் ஒவ்வா. ஆங்கு மக்கள் மீறியமையாற் புதியதோர் உடன்படிக்கை வேண்டப்பட்டது. ஈங்குப் புதிய ஓலை எழுதப்படவில்லை, பழையதே காட்டப்பட்டது. என்னை? பதியும் பசுவும் அநாதியாகலின், அவ்விரண்டன் தொடர்பு ஒருநாளில் ஒப்புக்கொண்டு தொடங்கியதன்று. ஓலை அடிமையை ஆக்கிற்றன்று. உள்ள அடிமையை உணர்த்திற்று. ஆக்கப்பட்டதே அழியும், ஆக்கப்படாததனைக் கிழித்தல் எவர்க்கும் ஆகாது. உலகத் தோற்றத்துக்கு முன்னரே இறைவன் தம்மைத் தெரிந்துகொண்டான் எனக் கூறும் வசனம் அவர்தம் வேதத்தும் உண்டு. ஆயினும் அவர்க்கு அருளின் உறுதி வரலாற்றில் நிகழ்ந்த ஒரு மரணத்தைப் பற்றி நிற்கும். நமக்கு அது நிகழ்ச்சியைப் பற்றாது.

இனி அவர் நம்மை வினவுவதொன்று உளது. அதனை எளிதிற் றள்ளுதல் முறையன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்துழியே சத்திநிபாதம் நிகழுமென்பீர். பக்குவம் பார்த்துக் கொடுப்பது கூலியன்றோ? கொடையாமாறு யாங்ஙனம் என்பது அவர் வினா. மலத்தைத் தானே பழுக்கச் செய்தல் உயிர்க்கு இயலுமாயின் இவ்வினா வெல்லும். பழுப்பிப்பது திரோதான சத்தி, அதுவும் அருளே. மறைத்தலும் அருளாகலின், பக்குவம் அருளுக்கு உயிர் கொடுக்கும் விலை அன்று, அருளின் முற்செயல். பாராது கொடுப்பனெனின், ஒருவர்க்குக் கொடுத்து ஒருவர்க்குக் கொடாமைக்குக் காரணம் யாதென்னும் வினா எஞ்சும். அவ்வினா அகஸ்தீன் முதலாயினாரை வருத்தியது அவர்தம் நூல்களாலேயே விளங்கும்.

ஆயின் பக்குவத்தை அளப்பார் யாவர்? இங்கே நம் மடங்கள் தம்மையே நோக்குதல் வேண்டும். தீக்கைக்குரிய தகுதியைக் குலத்தாற் கண்டு வாயிலை அடைத்த வழக்கம் நம்மிடை நெடுநாள் நிலவியது. கிறிஸ்தவரும் இதில் நம்மினும் வேறல்லர். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சைக் கிறிஸ்தவருட் பலர் அதனை எதிர்த்து நின்றனர். கொடை இலவசம் என்பாரும் வாயிற்படியில் விலை கேட்டனர்.

நமக்கு மற்றுமோர் ஓலை உண்டு. தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதிசிவனாருக்கு, விறகு சுமந்து திரிந்த பெற்றான் சாம்பான் கொணர்ந்தது அது. இவனுக்குத் தீக்கை செய்து முத்தி கொடுக்க என்பது சிற்றம்பலவர் ஆணை. குலமும் கல்வியும் வினவாது சிவனார் நோக்கினர். சாம்பான் ஒளியிற் கலந்தனன். அவன் மனைவி முறையிட, அரசன் வந்து ஐயுற்றனன். அஃது உண்மையாயின் இங்கே மீட்டும் காட்டுக என்றான். குடிகளும் பரிவாரமும் சூழ்ந்து நின்றனர். உமாபதிசிவனார் அவர் ஒருவரையும் நோக்காது, அருகே நின்ற முள்ளிச்செடியை நோக்கினர்; அது முத்தி பெற்றது.