பென்னிகுயிக் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமா?

எங்கள் மகனுக்கு எண்கணிதம் பார்த்தோம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு எழுத்து கூட்டிக்கொண்டால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். கூட்டலாமா?
*வாசகர், தேனி*

குலதெய்வம் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளையின் காதில் மூன்று முறை நீங்கள் சொல்லும் சத்தம்தான் அதற்குக் கேட்கும்.

பிறந்திருக்கும் மகனுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கவேண்டும் என்கிறார் என் கணவர். எனக்கும் சம்மதம். அத்தையோ, "குலசாமி பேரை விட்டுட்டு வெள்ளைக்காரன் பேரா?" என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தோழிகள் சிரிக்கிறார்கள். வேறு மதத்தவர் பெயரை வைத்தால் தெய்வக் குற்றம் ஆகுமா?
*வாசகி, கூடலூர்*

ஆகாது அம்மா. இப்படிப் பெயர் வைத்த ஒருவரை நம் சைவம் அறுபத்து மூவரில் ஒருவராக உட்காரவைத்துப் பூசை செய்கிறது. திங்களூர் அப்பூதியடிகள் கதை எனக்கு அலுக்கவே அலுக்காது. உங்கள் அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

அப்பூதியடிகள் அந்தணர். அப்பர் என்று நாம் சொல்லும் திருநாவுக்கரசரோ வேளாளர். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அப்பரின் பெருமையைக் காதால் கேட்டதற்கே மூத்த மகனுக்குத் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார். இளையவனுக்கும் அதே பெயர். வீட்டுப் பசு, எருமை, அளக்கும் படி, நிறுக்கும் தராசு என்று எதையும் விடவில்லை. வழிப்போக்கர்களுக்காக அவர் வைத்த தண்ணீர்ப்பந்தலிலும் அந்தப் பெயர்தான். அந்த வழியாக வந்த அப்பரே அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயரைப் போடாமல் வேறு யாருடைய பெயரையோ எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்டார். வந்திருப்பவர் யாரென்று தெரியாத அப்பூதியடிகளுக்கு வந்ததே கோபம்! "அந்தப் பெயரின் பெருமை தெரியாமல் பேசுகிற நீர் யார்?" என்று சீறினார். பிறகு உண்மை தெரிந்து காலில் விழுந்ததும், விருந்துக்கு வாழைக்குருத்து அரியப்போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டியதும், அப்பர் பதிகம் பாடி அவனை எழுப்பியதும் சேக்கிழார் விரித்துச் சொல்லும் கதை. அங்கே சாதி குறுக்கே வரவில்லை, உறவு கேட்கப்படவில்லை. நன்றியும் பக்தியும் மட்டும்தான் இருந்தன.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு. அதைக் கிழக்கே திருப்பவேண்டும் என்ற நினைப்பு ராமநாதபுரம் சேதுபதிக்கு வந்தது. 1789-ல் பிரதானி முத்திருளப்ப பிள்ளை வழி தேடிப் பார்த்தார், செலவு கட்டுப்படியாகவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் இந்தச் சீமையைச் சுட்டுப்போட்டது. 1887-ல் முல்லைப்பெரியாறு அணை வேலையைத் தொடங்கினார் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடி கட்டினார். பணம் வராமல் நின்றபோது தன் சொத்தை விற்று வந்து முடித்தார் என்பது உங்கள் பக்கம் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வருவது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார். மலையைக் குடைந்த வழியில் தண்ணீர் கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான்.

வெள்ளைக்கார அரசாங்கம் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை, வரிக்குத்தான் செய்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் காட்டிலும் காய்ச்சலிலும் எட்டு வருடம் கிடந்த மனிதரின் உழைப்பை அந்தக் கணக்கில் கழித்துவிட முடியாது. உங்கள் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் என்றும், அவரோடு உழைத்த லோகன் நினைவாக லோகன்துரை என்றும் பெயர் வைத்துக்கொண்டவர்கள் முன்பே இருக்கிறார்கள். பென்னிகுயிக் படத்தைச் சாமி படங்களோடு மாட்டி விளக்கேற்றும் வீடுகளும் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15-ல் பாலார்பட்டியில் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். சிரிக்கிற தோழிகள் அந்த வயல் அரிசியைச் சாப்பிட்டுவிட்டுத்தானே சிரிக்கிறார்கள்? அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அத்தையிடம் மட்டும் பொறுமையாக இருங்கள். அவர் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது, குலசாமியை மறந்துவிடுவீர்களோ என்ற பயம் அது. பெயர் சூட்டும் நாளில் முதலில் குலசாமி பெயரை அவரையே பிள்ளையின் காதில் சொல்லச் செய்யுங்கள். அப்புறம் கணவர் இந்தப் பெயரைச் சொல்லட்டும். குலசாமி கோயிலில் முடி இறக்கிவிட்டு, லோயர்கேம்ப் மணிமண்டபத்துக்கும் பிள்ளையைத் தூக்கிப் போங்கள். ஒரு வேண்டுகோள்: அந்த அணை வேலையில் காய்ச்சலால் செத்துப்போன கூலிகளின் சமாதிகள் காட்டுக்குள் இருக்கின்றன. பெயர் தெரியாமல் போன அந்த மக்களையும் நினைத்து ஒரு சூடம் ஏற்றுங்கள்.

பேத்திக்குத் திருவாதிரை, மூன்றாம் பாதம். 'ங' எழுத்தில்தான் பெயர் தொடங்கவேண்டுமாம். எங்கு தேடியும் கிடைக்கவில்லை.
*வாசகர், உத்தமபாளையம்*

கிடைக்காது, தேடாதீர்கள். அந்த அட்டவணை வடமொழி எழுத்துகளை வைத்துப் போட்டது. திருவாதிரை சிவபெருமானின் நட்சத்திரம். உங்கள் ஊரிலேயே காளாத்தீஸ்வரரும் ஞானாம்பிகையும் இருக்கும்போது எழுத்தைத் தேடி ஏன் அலைகிறீர்கள்? அம்பாள் பெயரை வையுங்கள்.

காலமான என் கணவர் பெயரைப் பேரனுக்கு வைக்கச் சொன்னேன். மருமகள் பழைய பெயர் என்கிறாள். பெயர் வைக்காமலே மூன்று மாதம் ஆகிவிட்டது.
*வாசகி, போடிநாயக்கனூர்*

உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆனால் யோசித்துப் பாருங்கள் தாயே, மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசும் மருமகள்கள் நம் பக்கம் இன்றும் உண்டு. அந்தப் பெயரைப் பேரனுக்கு வைத்தால், அவனை "பெரியவரே, தாத்தா" என்று சுற்றி வளைத்துத்தான் கூப்பிடுவார்கள். சுமந்து பெற்றவள் வாய் நிறையக் கூப்பிட ஒரு பெயர் வேண்டாமா? தாத்தா பெயரை நீங்கள் காதில் சொல்லுங்கள், பதிவில் அவள் விரும்பும் பெயர் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்காகச் சண்டையை ஒரு வருடம் நீட்டிக்காதீர்கள். பெயரில்லாத பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீம்பு பிடிப்பது இரண்டு பேருக்குமே அழகில்லை.

என் பெயர் போதும்பொண்ணு. இப்போது எனக்கு மூன்றாவதும் பெண். இவளுக்கும் இதே பெயரை வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. மறுத்தால் சாமி குற்றமா?
*வாசகி, ஆண்டிபட்டி*

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. மறுங்கள். தைரியமாக மறுங்கள்.

முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பை என்றும், மூக்குக் குத்தி மூக்கன் என்றும், பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். அது எமன் கண்ணில் படாமல் பிள்ளையைக் காப்பாற்றத் தவித்த தாயின் வழி. அந்தப் பெயர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். போதும்பொண்ணு அந்த வகை அல்ல. அது வந்த பிள்ளையைப் பார்த்து 'நீ ஏன் வந்தாய்' என்று கேட்கும் பெயர். பள்ளிக்கூடத்தில் தினமும் அதைச் சொல்லிக் கூப்பிட, அவள் எழுந்து 'உள்ளேன்' என்று சொல்லவேண்டும். அந்த வலி உங்களைவிட யாருக்குத் தெரியும்?

மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் 'வேண்டாதவள்' என்ற பொருளில் நகூசா என்று பெயர் சுமந்த 285 பெண்பிள்ளைகளுக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்: சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறீர்களே, அவள் யார்? பார்வை போன பாண்டியனுக்குக் கண் கொடுத்தவள் என்று கும்பிடுகிறீர்களே, அவள் பெண் இல்லையா? தேவதானப்பட்டியில் மூடிய கதவுக்கே பூசை செய்து காமாட்சியைக் கும்பிடுகிறோமே, கதவுக்குப் பின்னால் இருப்பவள் யார்? அவளிடமே போய் 'பெண் போதும்' என்று சொல்லுகிற துணிச்சல் எங்கிருந்து வந்தது?

குழந்தைக்குக் கௌமாரி என்று பெயர் வையுங்கள். உங்கள் பெயரையும் மாற்றிக்கொள்ள விருப்பம் இருந்தால் அரசிதழில் அறிவிக்கலாம், வயது தடையில்லை. அம்மனுக்கு ஒரு மாவிளக்குப் போட்டுவிட்டு விண்ணப்பத்தை எழுதுங்கள்.

தாய்மாமன் துபாயில் இருக்கிறார். பெயர்சூட்டு விழாவில் வீடியோ காலில் அவர் பெயர் சொன்னால் செல்லுமா?
*வாசகர், சின்னமனூர்*

செல்போனைப் பச்சைப்பிள்ளையின் காதில் வைக்காதீர்கள். பாட்டி சொல்லட்டும், மாமன் பார்க்கட்டும். காதுகுத்துக்கு அவர் விடுப்பு எடுத்து வந்தே ஆகவேண்டும். பிள்ளை உட்காரவேண்டியது மாமன் மடியில்.