கொஞ்சந்தானே!

விருந்து வைப்பவரின் மனம் பெரிதா, விருந்துக்கு வந்த பிள்ளையின் உயிர் பெரிதா என்று கேட்டால், உயிர்தான் என்று எல்லோரும் சொல்லிவிடுவர். நடைமுறையில் நாம் அப்படி நடப்பதில்லை. பால், முட்டை, நிலக்கடலை, இறால் ஆகிய நான்கும் ஒவ்வாத மூன்று வயதுப் பிள்ளையின் தாய், "இவனுக்கு மட்டும் வேண்டாம்" என்றவுடனே வீட்டுக்காரரின் முகம் சுருங்குகிறது. "கொஞ்சந்தானே, ஒரு வாய் தின்றால் என்ன?" என்கிறார் வீட்டுப் பெரியம்மா. "தின்னத் தின்னப் பழகிவிடும்" என்பது அடுத்த சொல். இவை அன்பிலிருந்து பிறந்த சொற்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. அன்பிலிருந்து பிறந்ததெல்லாம் நன்மையாகிவிடுமா என்பதே கேள்வி.

ஒவ்வாமை என்பது நாக்கின் அடம் அன்று. உணவிலுள்ள புரதத்தை உடல் பகையென்று எண்ணிப் போர் தொடுப்பதே அது. பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் ரிஷே, 1902இல் தம் நண்பர் போர்த்தியேவுடன் ஒரு சோதனை செய்தார். கடல் உயிரொன்றின் நஞ்சைச் சிறிது சிறிதாக நாய்க்குக் கொடுத்துப் பழக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவு கொடுத்தபோது நிமிடங்களில் மடிந்தது. இக்கண்டுபிடிப்புக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். பெரியம்மாவின் கணக்கு அன்றே தோற்றுவிட்டது.

"கொஞ்சம்" என்னும் சொல்லைப் பற்றி நம் சமுதாயத்தாருக்கு வேறெவரும் வந்து விளக்க வேண்டியதில்லை. ஒரு தேக்சா ஆணத்தில் ஒரு துளி பன்றிக் கொழுப்பு விழுந்ததென்று தெரிந்தால், "கொஞ்சந்தானே" என்போமா? வெட்டிய கத்தியையும் வதக்கிய சட்டியையும்கூட விசாரிப்போம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அறியாமல் உண்டவன்மேல் குற்றமில்லை என்பர் மார்க்கம் அறிந்தோர். அந்தப் பிள்ளையின் உடலோ அறியாமையை மன்னிப்பதில்லை. ஆகவே அங்கே நம் விசாரணை கூடவேண்டுமே தவிரக் குறையலாகாது.

நாம் கடை வைத்துப் பிழைப்பவர். எனவே நம் தொழிலாரிடம் ஒன்று சொல்ல உரிமை உண்டென்று நினைக்கிறோம். "இதில் கடலை இருக்கிறதா?" என்று ஒரு தாய் கேட்கிறாள். "இல்லை" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் தெரியாமல் சொன்ன "இல்லை", தற்செயலாகச் சரியாகிவிட்டாலும், உண்மை பேசியதாகாது. பால், முட்டை, மீன், கடலை, சோயா, கோதுமை முதலியன கலந்திருந்தால் உறையில் எழத வேண்டுமென்று இந்நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிகள் கூறுகின்றன. சாக்கிலிருந்து அள்ளி நிறுக்கும் பருப்புக்கு உறை ஏது? அங்கே கடைக்காரர் வாய்தான் உறை. கடலையை அள்ளிய குவளையே பருப்பையும் அள்ளுகிறதென்றால் அதையும் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டுக் கடையிலும் இதே கதைதான். ரொட்டி சானாய் மாவில் சிலர் முட்டை சேர்ப்பர், சிலர் சேர்ப்பதில்லை. நாசி லெமாக்கில் நெத்திலி கண்ணுக்குத் தெரியும். சம்பாலில் கரைந்த பெலாச்சான் தெரியாது. "கேட்டுச் சொல்லுகிறேன்" என்பதால் வியாபாரம் கெட்டுவிடாது.

இங்கிலாந்தில் நட்டாஷா எட்னன்-லபெரூஸ் என்ற 15 வயதுப் பெண், 2016 ஜூலையில் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைத் தின்று மாண்டாள். மாவில் எள் இருந்தது. உறையில் அச்சொல் இல்லை. பெற்றோர் போராடியதன் பேரில், கடையிலேயே செய்து பொதிந்து விற்பவற்றிலும் சேர்த்த பொருள்களையெல்லாம் எழுதவேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

தாயைப் பழிப்போரும் உளர். "சின்னதிலேயே எல்லாம் கொடுத்திருந்தால் வந்திராது" என்பர். 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடிய குழந்தைக்கு மூன்று வயதுவரை கடலையே வேண்டாமென்றனர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள்; 2008இல் அதைக் கைவிட்டனர். 640 குழந்தைகளைக் கொண்டு இலண்டனில் நடத்திய ஆராய்ச்சி, முதல் வயதிலேயே கொடுத்துவந்தால் கடலை ஒவ்வாமை பெரிதும் குறையும் என்று 2015இல் காட்டிற்று. மருத்துவரே பாதை மாறிய விஷயத்தில், அவர் சொற்படி நடந்த தாயைக் கூண்டில் ஏற்றுவது என்ன நீதி? ஏற்கெனவே ஒவ்வாமை கண்ட பிள்ளைக்கு இதைக் கேட்டுவிட்டு வீட்டில் ஊட்டிப் பார்ப்பதும் கூடாது. அது மருத்துவர் கண்முன் செய்யவேண்டிய காரியம்.

இனிக் கடினமான இடம். ஒரே சஹனில் நாலைந்து பேர் கைவைத்து உண்பது நம்மவர் பெருமை. பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்தால் பிரித்து வைத்ததாகாதா? தட்டு தனியாகத்தான் வேண்டும். தயிர்ப் பச்சடி தொட்ட விரல் அதன் சோற்றைத் தொடலாகாது. ஆனால் சமையலும் தனியாக இருக்கவேண்டுமென்பதில்லை. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் யாருக்குக் குறைவு? பிரியாணிக்குத் தயிர் வேண்டாம், தக்காளியும் எலுமிச்சையும் போதும். நெய்யிலும் பாலின் எச்சம் உண்டு. எண்ணெயில் தாளிக்கலாம், இறால் பொரித்த எண்ணெயாக இராவிட்டால். கலியாணப் பந்தி முழுவதையும் ஒரு பிள்ளைக்காக மாற்றச் சொல்ல நாம் துணியவில்லை. அங்கே தாய் கொண்டுவந்த டப்பாவை முகங்கோணாமல் திறக்கவிட்டால் போதும். பத்துப் பேர் உண்ணும் வீட்டு விருந்தில் அந்தச் சலுகை நமக்கில்லை. பத்துப் பேர் ஒருவேளை நெய்ச்சோற்றை இழப்பதும், ஒரு பிள்ளை பந்திதோறும் ஓரத்தில் அமர்வதும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

ரமலானில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியில் என்னென்ன போட்டது என்று தமிழிலும் மலாயிலும் ஓர் அட்டையில் எழுதி மாட்டலாம். செலவு ஒன்றுமில்லை. விருந்து வைப்போர், பிள்ளை வாசற்படி ஏறும்போதே, "ஊசி எந்தப் பையில் இருக்கிறது?" என்று தாயிடம் கேட்டுக்கொள்வது நலம். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் இருமல் மருந்தைத் தேடி ஓடாமல், அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு 999ஐ அழைக்க வேண்டும்.