தவறிய ஸ்டெப்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடி அறையில் இருக்கும் என் சின்ன சி.என்.சி. இயந்திரத்தில் அம்மாவின் பெயரை மரப்பலகையில் செதுக்கிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று எழுத்து கச்சிதம். நாலாவது எழுத்து இடப்பக்கம் ஏறி மூன்றாவதன் மேல் விழுந்தது. லேப்டாப் திரையில் எல்லாமே சரி. இயந்திரம் தான் இருப்பதாக நினைத்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தப்பு என்னுடையது. சீக்கிரம் முடியட்டுமே என்று முடுக்கத்தை 50லிருந்து 400க்கு ஏற்றியிருந்தேன்.

என் மோட்டாருக்கு ஒரு சுற்று என்பது 200 ஸ்டெப். ஒரு சுற்றுக்குத் திருகுதண்டு 8 மி.மீ. நகர்த்தும். கன்ட்ரோலர் துடிப்புகளை எண்ணி எண்ணி அனுப்பும். மோட்டார் நிஜமாகவே திரும்பியதா என்று பார்க்க அதற்கு வழியில்லை. வேகம் கூடினால் காயிலில் மின்னோட்டம் ஏற நேரம் போதாமல் முறுக்குவிசை குறையும். முடுக்கம் கூடினால் கேட்கப்படும் விசை கூடும். கேட்பது இருப்பதைத் தாண்டும்போது ரோட்டார் நழுவும், நாலு நாலு ஸ்டெப்பாக. ஒரு நழுவலுக்கு 0.16 மி.மீ. பத்து நழுவினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல். எர்ரர் எதுவும் வராது. அதன் பிறகு எல்லா வேலையும் தவறான இடத்திலிருந்து மிகச் சரியாக நடக்கும்.

இதைச் சரிசெய்யும் முறை எளிது. ஒரு அச்சை எடுத்துக்கொண்டு, மோட்டார் உறுமி நிற்கும்வரை ஏற்று. பிறகு 20 சதவீதம் இறக்கு.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மனிதர்களிடம் முதல் பாதியை மட்டும் செய்தவன் நான்.

என் டீமில் ஒரு பையன் இருந்தான். "முடியுமாடா?" என்று கேட்பேன். "பண்ணிடலாம்ணா" என்பான். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். அதே பதில். ஒருநாள் பேப்பர் போட்டான். ஆறு மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா" என்றேன். ரொம்ப நாள் அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் கவசம்.

மோட்டாருக்கு வாய் கிடையாது, அவனுக்கு உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கேட்பவனே வருடக் கடைசியில் ரேட்டிங்கும் போடுகிறவன் என்றால், எதிரில் இருப்பவர் சொல்லும் "சரி" எதையும் அளப்பதில்லை. நான் துடிப்பு அனுப்பினேன், எண்ணிக்கொண்டேன், வேலை நடந்துவிட்டதாக நம்பினேன்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நின்றுபோன ஸ்டெப்பருக்குப் பெரிய பாதகமில்லை. மறுபடி ஹோம் பண்ணினால் போதும், பழையபடி ஓடும். அதனால்தான் அதை எல்லைவரை தள்ளிப் பார்க்கலாம். மனிதரில் அந்தச் சோதனையே சேதம். அவர் உடைந்த பிறகு 20 சதவீதம் இறக்குவதில் என்ன பயன்?

மோட்டாரிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவரத் தகுந்தது வேறொன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இயந்திரத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, பென்சில் குறியோடு ஒத்துப்பார்ப்பார்கள். நழுவியது ஓடும்போது தெரியாது, திரும்பி வந்தால்தான் தெரியும். இப்போதெல்லாம் யாரிடமாவது "முடியுமா?" என்று கேட்கும் முன், கையிலிருக்கும் ஒரு வேலையை நானே எடுத்துவிட்டு, "தூங்கினியா?" என்று கேட்கிறேன். முதல் தடவை எல்லோரும் "தூங்கினேன்ணா" என்றுதான் சொல்கிறார்கள். மறுபடியும் கேட்கிறேன்.

பலகையை 150இல் திரும்ப ஓட்டினேன். நேரம் கூடத்தான் ஆனது. அம்மாவின் பெயர் முழுதாக வந்தது.