கருவில் தெரியும் குறையும் நம் வாய்ச்சொல்லும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நமக்கு வேண்டிய பாகவதர் ஒருவரின் குமாரத்தி கருவுற்றிருந்தபோது, 13ஆம் வாரப் பரிசோதனையில் ஓர் ஐயம் எழுந்தது. பின்னர்ப் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்ததில், சிசுவுக்கு டவுன் சின்ட்ரோம் என்பது உறுதியாயிற்று. செய்தி கேட்ட நாம், "எல்லாம் பூர்வ கர்மம், ஸ்வாமி" என்றோம். ஆறுதலாகவே சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். அச்சொல் தகுமா என்பதே இங்கு விசாரிக்கப்படுகிறது.

21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைவதே இந்நிலைக்குக் காரணம் என்பது 1959இல் பிரான்ஸ் தேசத்து ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகையில் நேரும் பிழை இது; தாய் உண்டதாலோ செய்ததாலோ வருவதன்று. இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயக் குறை உண்டு. அவற்றுள் பலவற்றை அறுவைச் சிகிச்சையால் சீராக்கலாம்.

சரீரம் கர்மத்தால் வருவது என்பது நம் ஸித்தாந்தமே. ஆனால் அது அக்குழந்தைக்கு மட்டும் சொன்னதன்று. ஸம்ஸாரிகள் அனைவருக்குமே தர்மபூத ஜ்ஞானம் கர்மத்தால் சுருங்கியிருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் அளவில்தான் வேறுபாடு. எம்பெருமானுக்கு சேஷமாயிருக்கையாகிற ஸ்வரூபத்தில் எவ்வாத்மாவுக்கும் குறைவில்லை. கர்மத்தைப் பற்றிய உபதேசம் தன்னைத் தாழ நினைக்கைக்கே. பிறர் கணக்கைப் புரட்டிப் பார்க்கைக்கன்று.

கருச்சிதைவு பாபம் என்கிறோம். அக்குழந்தை பிறந்தாலோ, பாபத்தின் பலன் என்கிறோம். இரு வாசல்களையும் நாமே அடைத்துவிட்டால் அப்பெற்றோர் எங்கே போவர்? சட்டம் இடங்கொடுப்பதைக் காட்டிலும், ஊரார் வாய்க்கு அஞ்சியே பலர் கலங்குகின்றனர்.

அழாமலும் பாலுண்ணாமலும் இருந்த நம்மாழ்வாரைத் திருப்புளியாழ்வார் அடியிலே விட்ட பெற்றோரின் கலக்கத்தைக் குருபரம்பரை கூறுகிறது. ஆழ்வாரோடு எவரையும் ஒப்பிட இதைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தோன்றுவதைக்கொண்டு ஓராத்மாவை அளவிடலாகாது என்பதற்கே சொன்னோம்.

சில நாள் கழித்து அந்த ஸ்வாமியின் திருமாளிகைக்குச் சென்று, க்ஷமிக்கும்படி ப்ரார்த்தித்தோம். "சிசுவின் இருதயப் பரிசோதனை என்றைக்கு? துணைக்கு யார் வரவேண்டும்?" என்று கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்