பிந்தி வந்த நாடு

2022 ஆகஸ்டில் நாடு சுதந்திரத்தின் எழுபத்தைந்து ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. வீடுதோறும் கொடி ஏற்றுங்கள் என்று ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டது. கைத்தறிக் கதரில்தான் கொடி இருக்க வேண்டும் என்ற பழைய விதி அதற்கு முன்பே தளர்த்தப்பட்டிருந்தது. பாலியெஸ்டர் கொடிகள் கடைகளில் குவிந்தன, தபால் நிலையங்களிலும் விற்றன.

அதே மாதம் கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2021 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் வாக்களித்து ஊராட்சித் தலைவராக்கிய பட்டியல் சாதிப் பெண் ஒருவர், சாதியைக் காரணமாக்கித் தம்மைக் கொடியேற்ற விடாமல் தடுப்பதாகப் புகார் கொடுத்திருந்தார். மாவட்ட நிர்வாகம் தலையிட்ட பிறகே வழி பிறந்தது. 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் நடந்ததும் இதுவே. பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று 2022இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இப்படித் தடுப்பவர்கள் யாரும் தேசத்தை வெறுப்பவர்கள் அல்லர் என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது. கொடி ஏறும்போது அவர்களும் எழுந்து நிற்பார்கள். தேசிய கீதம் அவர்களுக்கும் மனப்பாடம். தேசத்தின் மேல் பற்று, அதே தேசத்தின் ஒரு பகுதி மக்களை ஒதுக்கும் மனம், இரண்டும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்க முடிகிறது என்றால், அந்தப் பற்றுக்கு நாம் கொடுக்கும் மரியாதை எதற்காக? அதை எல்லோரிடமும் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கு உண்டு?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1947இல் சமவெளிக்கு வந்த சுதந்திரம் அந்த மலையை அப்போது முழுதாக எட்டவில்லை. நிலமும் வரியும் பரம்பரை ஜாகீர்தார்கள் மூவரின் கையில் இருந்தன. அரசு அதைக் கையில் எடுக்க 1960களில் முயன்றது, வழக்குகளில் இழுபட்டது, கடைசியில் 1976இல்தான் ஜாகீர் முடிந்தது. அது நெருக்கடி நிலைக் காலம். நாட்டின் மற்ற பகுதி மக்கள் தங்கள் உரிமைகளை இழந்திருந்த ஆண்டில் இந்த மலைவாசிகள் அரசின் நேரடிக் குடிகளானார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தபோது, இவர்களுக்கு வாக்குரிமை 1990களில்தான் நடைமுறைக்கு வந்தது என்றும் எடுத்துரைக்கப்பட்டது. மலை ஊர்களான வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ இன்று எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு, நாடு என்பது வளர்ந்து ஆளான பிறகு அறிமுகமான ஒன்று. அவர் பிறந்தபோதே அது இருந்தது. அவரைத் தேடி வரத்தான் அத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

அப்படிப்பட்டவரிடம் நாட்டுப் பெருமிதத்தைக் கடனாகக் கேட்கலாமா? கேட்கலாம் என்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. அரசு வேறு, நாடு வேறு என்பார்கள். சாலை போடாதது அரசின் குற்றம், அதற்காக நாட்டை நேசிக்காமல் இருப்பது முறையா? பெற்றது எவ்வளவு என்று பார்த்து அன்பு செலுத்துவது வியாபாரம் அல்லவா? எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் எதையும் எதிர்பார்க்காமல் எல்லையில் நிற்கிறார்களே?

இதில் உண்மை உண்டு. லாபக் கணக்கு முடிந்த பிறகு வரும் அன்பு அன்பாகாது. ஆனால் ஜாகீர் காலத்து மலைவாசிக்கு நாடு தராமல் போனது வெறும் சாலையும் மின்சாரமும் மட்டும் அல்ல. தம்மைப் பற்றிய முடிவுகளில் அவருக்கு இடமே இருக்கவில்லை. சலுகை கிடைக்கவில்லை என்று முகம் திருப்புவது ஒன்று. கூட்டத்தில் ஓர் ஆளாக எண்ணப்படாதவர் அந்தக் கூட்டத்தின் பெருமையைப் பாட மறுப்பது வேறொன்று. இரண்டாவதைத் துரோகம் என்று சொல்லக் கூடாது. 1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்த அம்பேத்கர் தமக்குத் தாயகம் இல்லை என்றார். அதே மனிதர்தான் பதினெட்டு ஆண்டுகள் கழித்து இந்த நாட்டின் அரசமைப்புச் சட்ட வரைவுக்குழுத் தலைவராக அந்தப் பெரும்பணியை முடித்துத் தந்தார். தாயகம் இல்லை என்ற வலியும் தாயகத்தைக் கட்டும் உழைப்பும் அவரிடம் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

ஆகவே கேள்வியைத் திருப்பி, பெருமிதம் கொள்பவர்களிடமே வைக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 29ஆம் தேதி பார்படாஸில் இந்திய அணி இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. நள்ளிரவில் தெருக்களில் பட்டாசு வெடித்தது. மட்டையைத் தொட்டே இராதவர்களும் அந்த வெற்றியில் பங்கு கொண்டார்கள். அதில் தவறே இல்லை. தான் செய்யாத ஒன்றைத் தன்னுடையதாக உணர்வதுதான் நாட்டுப் பெருமிதம். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்புதான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிணங்கள் கிடந்தன. அந்த மரணங்களைத் தன்னுடையதாக உணர்ந்தவர்கள் எத்தனை பேர்? குடித்தார்கள், செத்தார்கள் என்று சொன்ன வாய்களே அதிகம். இழப்பீடு ஏன் என்று கேட்டவர்களும் உண்டு.

செம்மரம் வெட்டப் போய் மாண்டவர்களுக்கும் இதே கதிதான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், எல்லோரும் தமிழ்நாட்டு ஏழைகள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். செம்மரம் வெட்டுவது குற்றம்தான். அந்தக் குற்றத்துக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் இந்த மலைகளைத் தேடி வருவதற்கு, இங்கே வேறு வேலை இல்லை என்பதே காரணம். தினையும் சாமையும் மரவள்ளியும் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை.

சாதனையில் பங்கு எடுத்துக்கொண்டவர் அவமானத்திலும் பங்கு எடுத்தாக வேண்டும். சந்திரயான் என்னுடையது என்பவருக்குக் கருணாபுரமும் அவருடையதுதான். முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் கட்டிவிடுகிற பற்று, நாட்டின் மேல் வைத்த பற்றே அல்ல. அது தன் மேல் வைத்த பற்று. நாட்டின் பெயரால் தன்னையே பாராட்டிக்கொள்வது. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வகைப் பற்றுதான் இன்று மிகச் சத்தமாகப் பேசுகிறது, பேசாதவர்களைச் சந்தேகிக்கவும் செய்கிறது. அவமானத்தை ஏற்பது என்றால் அதிலேயே உட்கார்ந்து புலம்புவதும் அல்ல. கல்வராயன் மலைக்கு யாருடைய கண்ணீரும் தேவையில்லை. மழையில் அறுந்து போகாத சாலையும், மருத்துவர் தங்கியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், தரகரை நம்பாமல் பிழைக்க ஒரு வேலையும் தேவை.

எடுத்தவாய்நத்தத்து ஊராட்சித் தலைவரிடம் திரும்பினால், அவர் நினைத்திருந்தால் ஒதுங்கியிருக்கலாம். தன்னை ஏற்காத ஊரின் கொடிக் கம்பத்தை வேண்டாம் என்றிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் புகார் எழுதினார். அந்தக் கயிறு தன் கைக்கு உரியது என்றார். தடுத்தவர்களின் பற்றைவிட இந்தப் பிடிவாதத்தில் நாட்டின் மேல் நம்பிக்கை அதிகம். அதே சமயம், ஒதுக்கப்பட்ட ஒவ்வொருவரும் இப்படிப் போராடித் தம் பற்றை நிரூபித்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயமே. கீதம் பாடாத மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளி நீக்கியபோது, மரியாதையாக எழுந்து நின்றார்களே, அது போதும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. மௌனமாக நிற்கவும் இடம் கொடுக்கும் அளவுக்கு இந்த நாடு பெரியதுதான்.

மலைமேல் உள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஒவ்வோர் ஆகஸ்ட் 15 அன்றும் கொடி ஏறுகிறது, மிட்டாய் தரப்படுகிறது, 1947 பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் 1976 என்ற ஆண்டையும் சேர்க்கலாம். தங்கள் தாத்தா பாட்டிக்கு அதற்கு முன் என்ன இருந்தது, அதற்குப் பின் எது வந்தது, எது இன்னும் வரவில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லலாம். அதைக் கேட்டபின் அவர்கள் நாட்டை எவ்வளவு நேசிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.