நித்திய கர்மத்தின் பயன்

உலகில் நாம் எடுத்துக்கொள்ளும் பிரயத்தனங்களுள் பெரும்பாலானவை பிறர் கையிலும் காலத்தின் கையிலும் சிக்கியவை. பருவமறிந்து உழுது விதைத்தவனும் மழை பொய்த்தால் பதரையே காண்கிறான். இரவு பகலாகக் கற்ற மாணாக்கனும் பரீட்சை நாளன்று சுரத்தில் கிடக்க நேர்கிறது. பல ஆண்டு உழைத்துப் பொருள் ஈட்டிய வணிகனை ஒரு பஞ்சம் வெறுங்கையனாக்கி விடுகிறது. இவற்றையெல்லாம் கண்டு சலித்த மனம், எக்காலத்தும் எந்நிலையிலும் செய்தவனுக்கு நஷ்டம் தராத முயற்சி என்று ஒன்று உண்டா என்று வினவுவது இயல்பே. உண்டு என்றே நம் பெரியோர்கள் விடை கண்டார்கள். அந்த விடையை அவர்கள் அன்றாட வாழ்க்கையின் சிறு நியமங்களில் கண்டார்கள் என்பதே சிந்தனைக்கு உரியது.

வேதத்தின் கர்ம காண்டத்தை ஆராய்ந்த மீமாம்சகர்கள் கர்மங்களை மூவகையாகப் பிரித்தார்கள். மழை வேண்டிச் செய்யும் காரீரி இஷ்டியும், மகப்பேறு வேண்டிச் செய்யும் புத்திர காமேஷ்டியும் போன்றவை காமியம். குழந்தை பிறந்தபோதும் கிரகண காலத்திலும் செய்பவை போல ஒரு நிமித்தம் பற்றி வருபவை நைமித்திகம். காலையிலும் மாலையிலும் ஆயுள் உள்ளளவும் இயற்ற வேண்டிய சந்தியாவந்தனம், அக்கினிஹோத்திரம் முதலியவை நித்தியம். காமிய கர்மத்துக்கு இன்ன பலன் என்று விதியே கூறிவிடுகிறது. நித்திய கர்மத்துக்கோ அத்தகைய வாக்குறுதி இல்லை. பலன் சொல்லப்படாத ஒன்றை அறிவுள்ள மனிதன் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. குமாரில பட்டரைப் பின்பற்றிய பாட்டர்கள், அது முன் செய்த பாவத்தைத் தேய்க்கும், செய்யாமையால் வரும் பிரத்தியவாயத்தையும் தடுக்கும் என்றார்கள். பிரபாகரரின் வழி வந்தவர்கள், கடமை என்பதே செய்வதற்குப் போதிய காரணம், வேறொரு பலனை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை என்றார்கள். வேதாந்திகளோ, பலனில் விருப்பின்றிச் செய்த நித்திய கர்மம் சித்தத்தைச் சுத்தி செய்து, ஞானத்துக்குத் தகுதி உடையதாக ஆக்குகிறது என்றார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் கர்ம யோகத்தை எடுத்துரைக்கத் தொடங்கும்போது, இந்நெறியில் இட்ட முயற்சிக்கு அழிவில்லை என்ற உறுதியையே அர்ச்சுனனுக்கு முதலில் அளிக்கிறான்.

இம்மூன்று கட்சிகளுள் வேதாந்திகளின் விடையே என் உள்ளத்துக்கு உவப்பானது. செயலின் பலன் செய்பவனுக்கு வெளியே இருக்குமானால், அது வரலாம், வராமலும் போகலாம். பலன் செய்பவனுடைய சித்தத்திலேயே விளையுமானால், மழையும் சந்தையும் மன்னனும் அதைத் தடுக்க இயலாது. செய்த மாத்திரத்தில் அது கைகூடிவிடுகிறது. ஆயினும் இது நூலறிவாக மட்டும் நின்றுவிடாமல், வாழ்ந்து காட்டிய மனிதர்களிடத்தில் கண்ணாரக் காணக்கூடிய உண்மையாகத் தமிழில் நமக்கு வாய்த்திருக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தைப் புரட்டுவோர், அறுபத்து மூவருள் எத்தனை பேர் ஒரே ஒரு சிறு செயலை நாள் தவறாமல் செய்த காரணத்துக்காகவே அடியார் வரிசையில் இடம் பெற்றார்கள் என்பதைக் கண்டு வியப்பார்கள். திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகம் செய்த கலியர் விளக்கேற்றினார். திருக்கடவூரில் கலயர் குங்கிலியப் புகை இட்டார். காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுத்தார். அப்பரடிகள் உழவாரம் ஏந்தி ஆலய முன்றில்களில் புல் செதுக்கினார். இவற்றுள் ஒன்றேனும் அரிய வித்தையோ பெரும் பொருளோ வேண்டி நிற்பதன்று. அவரவர் தொழிலும் கையிலிருந்த பொருளுமே அவரவர் தொண்டுக்குக் கருவியாயின.

இவர்களுள் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவராகிய அதிபத்தரின் சரிதம் நம் வினாவுக்கு நேரான விடை. வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் நியமம். வலை நிறைய மீன் அகப்பட்ட நாட்களில் அது எளிது. பின்னர் ஒரு காலம் வந்தது. ஒரு நாளைக்கு ஒரே மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் விட்டார். மறுநாளும் ஒன்றே, அதையும் விட்டார். செல்வம் சுருங்கிற்று, சுற்றம் வாடிற்று, உடல் மெலிந்தது. நியமம் மட்டும் மெலியவில்லை. அப்படியிருக்கையில் ஒரு நாள் பொன்னும் மணியும் இழைத்தாற் போன்ற அற்புத மீன் ஒன்று வலையில் வந்தது. அதையும் அவர் கடலில் விட்டார். இறைவன் விடைமேல் காட்சி தந்தான். இன்றும் நாகையில் ஆவணி ஆயிலியத்தில் இந்நிகழ்ச்சி திருவிழாவாக நடைபெறுகிறது.

கதையைக் கேட்போர் பொன்மீனைத் துறந்த அந்த ஒரு கணத்தையே பெரிதாகப் போற்றுகிறார்கள். நான் போற்றுவது அதற்கு முந்திய நாட்களை. பொன்மீன் வந்த அன்று அதிபத்தர் புதிதாக ஒரு முடிவும் செய்யவில்லை. செய்ய வேண்டிய முடிவை, யாரும் காணாத கடலில், பசித்த வயிற்றோடு ஒற்றை மீனை விட்ட ஒவ்வொரு நாளும் அவர் முன்னமே செய்து முடித்திருந்தார். அந்த நாட்கள் இல்லாதிருந்தால் பொன்னின் ஒளியில் அவர் கண்ணும் கூசியிருக்கலாம். பெரிய சோதனை வரும்போது மனிதன் தன் சிறந்த எண்ணங்களால் வெல்வதில்லை. தன் பழக்கத்தால் வெல்கிறான். நம்மில் பெரும்பாலோருக்குப் பொன்மீனின் சோதனை வாழ்நாளில் வாராமலே போகலாம். ஒற்றை மீனின் சோதனையோ எல்லோருக்கும் உண்டு, அடிக்கடி உண்டு: உடல் களைத்த மாலையில், பொருள் குறைந்த மாதத்தில், பாராட்டுவார் இல்லாத இடத்தில் அது நம்மை வந்து சந்திக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். நாள்தோறும் செய்தது நாளடைவில் யந்திரத்தின் இயக்கமாகி, உயிரற்றுப் போகாதா? போகும், சிரத்தை இல்லாவிடில் நிச்சயம் போகும். அதனாலேயே பதஞ்சலி முனிவர், அப்பியாசம் உறுதிப்படுவதற்கு நெடுங்காலமும் இடையறாமையும் மட்டும் போதா, ஆதரவோடு கூடிய சிரத்தையும் வேண்டும் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். சாக்கிய நாயனாரின் வரலாறு இதற்குச் சான்று. பௌத்த வேடத்தை நீக்காமலே சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் ஒரு கல்லை எறிந்த பின்பே உண்பது அவர் மேற்கொண்ட நியமம். ஒரு நாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் பதறி எழுந்து, பசியோடு ஓடிச் சென்று கல்லெறிந்தார். கல் மலராயிற்றா என்பதன்று கேள்வி. மறந்தது நினைவுக்கு வந்த கணத்தில் அவர் உள்ளம் பட்ட துடிப்பே அந்தப் பழக்கத்துக்கு உயிர் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

மற்றோர் ஐயம் இன்னும் ஆழமானது. ஒருவன் கொண்ட நியமத்துக்காக அவன் மனைவி மக்கள் வாடலாமா? அடியார் சரிதங்கள் உறுதியின் எல்லையைக் காட்ட எழுந்தவை. அந்த எல்லையை அளந்து பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. இல்லறத்தானுக்கு வழிகாட்ட வள்ளுவர் இருக்கிறார். அவர் இல்வாழ்வானின் கடன்களை எண்ணும்போது முன்னோரையும் தெய்வத்தையும் விருந்தினரையும் கூறியதோடு அமையாமல், சுற்றத்தாரையும் தன்னையுமே அவ்வரிசையில் சேர்த்தார். ஆகவே நாம் மேற்கொள்ளும் நியமம் நம்மை நம்பினோர் வாயைக் கட்டுவதாக இருத்தல் ஆகாது. அவர்களுக்கும் நிழல் தருவதாகவே இருக்க வேண்டும்.

அத்தகைய நியமங்கள் நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளன. வேலை செய்தவனுக்குக் கூலியை அன்றே கொடுப்பது. வாசலில் வந்து நின்றவரிடம், கொடுக்க ஒன்றும் இல்லாதபோதும், முகம் கடுக்காமல் பேசுவது. பலர் புழங்கும் குளத்தையும் சத்திரத்தையும் நாம் வந்தபோது இருந்ததைவிடத் தூய்மையாக விட்டுச் செல்வது. நோயுற்ற அண்டை வீட்டாரைச் சென்று காண்பது. உறங்குமுன் சற்று நேரம் அன்றைய நாளை மனத்தில் நிறுத்தி, எவரை நோகச் செய்தோம் என்று ஆராய்வது. 1931இல் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்று, அந்நகரின் கிழக்குப் பகுதியில் ஏழைகள் நடுவே கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்தபோதும் காந்தியடிகள் விடியற்காலைப் பிரார்த்தனையையும் இராட்டை நூற்பையும் கைவிடவில்லை. மகாநாட்டில் அவர் நாடிச் சென்ற பலன் கிட்டவில்லை. நூற்ற நூலோ, செய்த பிரார்த்தனையோ வீணாகவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர் சில நாட்களிலேயே சிறை புகுந்தபோதும் கலங்காதிருந்ததற்கு அந்த நித்திய கர்மமே பெருந்துணை என்று நான் நம்புகிறேன்.

ஆதலின், அன்புள்ள வாசகரே, பல விரதங்களை ஒருங்கே ஏற்றுச் சில நாளில் இளைத்துப் போவதைக் காட்டிலும், பிறருக்குத் தீங்கில்லாததும் உங்கள் சக்திக்கு உட்பட்டதுமான ஒரே ஒரு நற்செயலைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதை வலை நிறைந்த நாளிலும் செய்யுங்கள். ஒற்றை மீன் கிடைத்த நாளில் தவறாமல் செய்யுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால், நினைவு வந்த கணத்தில் எழுந்து செய்யுங்கள். வேறு எந்த முயற்சி உங்களைக் கைவிட்டாலும், இது கைவிடாது.